பேய் வந்தால்தான் கையை எடுப்பான்

2015 பொங்கல் விடுமுறையில் எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சினிமாவுக்குப் போனோம். பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஷேர் ஆட்டோ ஏறும்வரை எந்தப் படம் என்று முடிவாகவில்லை. ஷங்கரின் ‘ஐ’க்கு டிக்கெட் கிடைக்காது என்று தெரியும். விஷாலின் ‘ஆம்பள’ வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ‘டார்லிங்’. இசையமைப்பாளர் ஜி.வி. பிரகாஷ் கதாநாயகனாக வெளிவந்த முதல் படம். இயக்குநர் சாம் ஆண்டனுக்கும் அதுதான் முதல் படம். காதலும் பேயும் சிரிப்பும் கலந்த சின்னப் படம். பெரிய படங்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து, தயாரித்தவர்களின் கையைக் கடிக்காமல் ஓடியது.

கதை எளிது. காதலில் தோற்ற ஒருவன் தற்கொலை செய்துகொள்ள ஒரு தனி பங்களாவுக்குப் போகிறான். சிறுவயது முதல் அவனை விரும்பும் பெண்ணும் (நிக்கி கல்ராணி) நண்பனும் அவன் மனத்தை மாற்றுவதற்காகக் கூடவே போகிறார்கள். அங்கே அவனுக்கு அவள்மீது காதல் வருகிறது. ஆனால் ஆசையோடு அவளை நெருங்கும்போதெல்லாம் அவளுக்குள்ளிருந்து ஒரு பேய் கிளம்பி அவனைத் தூக்கிப்போட்டு அடிக்கிறது. இடைவேளையை ஒட்டிய பகுதி முழுக்க இதுதான் நகைச்சுவை. பிறகு முன்கதை வருகிறது. புதிதாகக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணை (சிருஷ்டி டாங்கே) ஒரு கும்பல் கூட்டு வல்லுறவு செய்து கொன்றிருக்கிறது. அவள்தான் அந்தப் பேய்.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். நாயகன் மூன்றாவது முறையோ நாலாவது முறையோ அடிவாங்கியபோது, பக்கத்து இருக்கையிலிருந்த எதிர்வீட்டு அக்கா என் காதருகே குனிந்து, “பாத்தியாம்மா, பேய் வந்தாத்தேன் கைய எடுக்குறான்” என்றார். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். பின்வரிசையில் இளைஞர்களும் அதே காட்சிக்குத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தது, பாவம், காரியம் கெட்டுப்போகிறதே என்று. அக்கா சிரித்தது வேறு எதற்கோ. ஒரே இருட்டில் ஒரே காட்சிக்கு எழுந்த அந்த இரண்டு சிரிப்புகளும் ஒன்றல்ல என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அக்காவின் சிரிப்புக்கு எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது.

ஐரோப்பியர்களின் இரத்தம் குடிக்கும் பேய் பெரும்பாலும் ஆண். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897இல் வெளிவந்தது. அதில் பிரபு பெண்களின் கழுத்தில் பல்லைப் பதிக்கிறான். அவன் தீண்டிய லூசி தானும் அப்படி ஆனதும், அவளை விரும்பியவர்களே கூடி நின்று நெஞ்சில் முளையடிக்கிறார்கள். நம்மிடம் அந்த வேலையைச் செய்பவள் இரத்தக்காட்டேரி. கர்ப்பிணிகளின் இரத்தத்தையும் பச்சைக் குழந்தைகளின் இரத்தத்தையும் குடிப்பவள் என்று அவளைச் சொல்வார்கள். பேறுகாலத்தில் உதிரம் நிற்காமல் பெண்கள் செத்துக்கொண்டிருந்த ஊர்களில் அந்தச் சாவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மாரியம்மனோடு காட்டேரியையும் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அவள் அம்மாவாகி, சூலுற்ற பெண்களுக்குக் காவலாக நின்றாள். பெண்கள் அவளை வெறுமனே அஞ்சவில்லை, அவளோடு பேசினார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

தமிழில் பேய் என்றதும் அடுத்து நினைவுக்கு வருபவள் பழையனூர் நீலி. முற்பிறவியில் அவளைக் கட்டியவனே அவளைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். கையில் ஒரு பொய்க்குழந்தையை இடுக்கிக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். வணிகனின் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி அவளோடு அனுப்புகிறார்கள். அவள் பழிதீர்க்கிறாள். சொன்ன சொல்லைக் காக்க வேளாளர் எழுபது பேரும் உயிர்விடுகிறார்கள். சேக்கிழார் முதல் எத்தனையோ பேர் அந்த எழுபதின்மரின் வாய்மையைப் போற்றியிருக்கிறார்கள். நீலிக்கு மிஞ்சியது ஒரு சொல்: நீலிக்கண்ணீர்.

இந்தச் சொல்லை வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறேன். போலிக் கண்ணீர் என்று ஒரே குரலில் பதில் வருகிறது. நீலி ஏன் அழுதாள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கொன்றவன் பெயர் மொழியில் ஒரு வசையாகக்கூடத் தங்கவில்லை. கொலையுண்டவளின் கண்ணீர்தான் பொய்க்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவள் முறையிட்டிருந்தால் ஊர் கூடியிருக்குமா என்பதை அந்தக் கதை கேட்பதில்லை. அவள் முறையிட்டதே செத்த பிறகுதான். அப்போதும் மனைவி என்ற வேடத்தில் வந்ததால்தான் சபை காதுகொடுத்தது.

இதே நீலியைச் சமணக் காப்பியமான நீலகேசி வாதத்தில் வெல்ல முடியாத அறிஞியாக்கியது. சமய ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவளிடம் தோற்கிறார்கள். பழையனூரை ஒட்டிய திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் பேயுருவில் இறைவன் ஆடலைப் பாடியிருக்கிறார். கணவன் பரமதத்தன் அவரை விட்டுவிட்டுப் பாண்டிநாட்டுக்கு வந்து வேறு கல்யாணம் செய்துகொண்டான். தேடிவந்த அம்மையாரின் காலில் அவன் குடும்பத்தோடு விழுந்தான். அவனுக்காகச் சுமந்த தசைப்பொதியைக் கழித்துவிடும்படி வேண்டிப் பேயுருவை அவர் கேட்டுப் பெற்றார். அழகான மனைவியாக இருந்தவரை காரைக்காலின் வீட்டுக்குள் இருந்த பெண், பேயான பிறகுதான் கயிலைவரை நடந்தார், அதுவும் தலையால். கணவன் இருந்த இந்தப் பாண்டிநாட்டிலேயே, உயிரோடு நின்று அரசவையில் வழக்காடி வென்றாள் கண்ணகி என்று சொல்லலாம். ஆனால் அவள் பேசியது கொலையுண்ட கணவனுக்காக. தன் உடம்புக்காகப் பேசும் ஒரு பெண்ணுக்கு அந்த வாயில் திறந்திருக்குமா?

காப்பியங்களை விட்டு ஊர்ப்புறத்துக்கு வந்தால் கதை இன்னும் தெளிவாகிறது. மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் செஞ்சிப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை நேரில் பார்த்து 1990களில் எழுதினார். அவர் கண்டவற்றில் பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள், அதிலும் புதிதாகக் கல்யாணமானவர்கள். பிடித்த பேய்களோ, நம் சினிமாவில் வருவதுபோல வெள்ளைச் சேலைப் பெண்கள் அல்ல. அற்பாயுளில் போன இளைஞர்கள், காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள். பேய் பிடித்த பெண் கணவனை அண்டவிடமாட்டாள், தாய்வீட்டுக்கு ஓடுவாள். பம்பை அடித்துப் பேயைப் பேசவைத்து, பெயர் கேட்டு, அது குடியிருக்கும் முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். காதலனை விரட்டி மனைவியை மீட்பது என்று நபோகோவ் இந்தச் சடங்கைப் படிக்கிறார். சடங்கு முடிந்ததும் பெண் கணவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நம் ஊரில் பாண்டி கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எனக்குப் பிடிக்கவில்லை, என்னைத் தொடாதே என்று ஒரு புதுப்பெண் சொன்னால் அடி விழும். அதையே அவளுக்குள்ளிருக்கும் பேய் சொன்னால் குடும்பம் முழுக்கக் கைகட்டி நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும். பேய் பிடித்த பெண்கள் நடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் படும் வேதனை உண்மை. மறுப்புக்கு அந்த வீட்டில் வேறு வழி அடைபட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். எதிர்வீட்டு அக்காவின் சிரிப்பு இந்த இடத்திலிருந்து வந்தது.

சினிமா இந்த வழியை நன்றாக அறிந்திருக்கிறது. 1993இல் வந்த மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்திலிருந்து பிறந்த ‘சந்திரமுகி’ (2005) சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஜோதிகாவின் கங்காவுக்குள் புகுந்த கோபம் பேயல்ல, மனநோய் என்று அந்தப் படம் மருத்துவரை வைத்துச் சொன்னது. ஆனால் முடிவு பேயோட்டும் சடங்கின் முடிவுதான். கோபம் போகிறது, சாந்தமான மனைவி திரும்புகிறாள். 2011இல் ராகவா லாரன்ஸ் ‘காஞ்சனா’வில் சரத்குமாரைத் திருநங்கையாக நடிக்கவைத்து, நிலத்துக்காகக் கொல்லப்பட்ட அந்தப் பாத்திரத்தின் கோபத்துக்குத் தியேட்டரே கைதட்டும்படி செய்தார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைதட்டல் செத்தவளுக்கு. ‘டார்லிங்’ வந்த அதே பொங்கலுக்கு ‘ஐ’ படத்தில் உயிரோடிருந்த திருநங்கைப் பாத்திரம் கேலிப்பொருளாக நின்றது. திருநங்கையர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

2014லிருந்து இரண்டாண்டுக் காலம் பேய்ச்சிரிப்புப் படங்களின் காலம். ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’, ‘டார்லிங்’, ‘காஞ்சனா 2’, ‘அரண்மனை 2’, ‘தில்லுக்கு துட்டு’ என்று வரிசையாக வந்தன. காரணம் பணம்தான். ஒரு வீடு, கொஞ்சம் நடிகர்கள், இரவு, சத்தம் இருந்தால் போதும். பெரிய நட்சத்திரம் தேவையில்லை. பேய்க்கு ஒரு முன்கதை மட்டும் வேண்டும். அந்த முன்கதைக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த மலிவான சரக்கு, கொல்லப்பட்ட பெண். ஒரு பாட்டு, ஒரு வல்லுறவு, ஒரு கொலை; பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பேய் எத்தனை பேரைக் கொன்றாலும் நியாயம்.

‘டார்லிங்’ அந்த வரிசையில் தனித்து நிற்பது எதனால் என்றால், அது பேயின் முன்கதையையும் நாயகனின் ஆசையையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டது. மூலமான தெலுங்கு ‘பிரேம கதா சித்ரம்’ வெளிவந்தது 2013 ஜூனில். டெல்லிப் பேருந்துக் கொடுமை நடந்து ஆறு மாதமாகியிருந்தது. நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை கொடுத்தது. அதையொட்டித் திருத்தப்பட்ட சட்டத்தில், சம்மதம் என்றால் தெளிவான, தானாக விரும்பித் தரும் உடன்பாடு என்ற விளக்கம் வந்தது. உடல் எதிர்ப்புக் காட்டாததாலேயே சம்மதம் ஆகிவிடாது என்றும் எழுதப்பட்டது. நாடு சம்மதத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் படம், ஆண் நெருங்க நெருங்கப் பெண்ணுக்குள்ளிருந்து எழும் மறுப்பைச் சிரிப்பாக்கியது.

படத்தை எடுத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். முன்கதைக்கு அழ வேண்டும், முதல் பாதிக்குச் சிரிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கும்பல் கெட்டவர்கள், நாயகன் நல்லவன் என்று இரண்டையும் பிரித்து வைத்தாயிற்று. ஆனால் பேய்க்கு அந்தப் பிரிவினை தெரியவில்லை. யார் கை நீண்டாலும் அது எழுந்தது. நல்லவனும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அந்தப் படத்தில் சொன்ன ஒரே ஆள் அதுதான். பழி தீர்ந்ததும் கதை காதலர்களிடம் திரும்புகிறது. இனி அடிவிழாது என்று பின்வரிசை கைதட்டியது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்காவின் மகள், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள், “ஏங்கத்தை, பேய் போனப்புறம் அந்தக்கா வேணாம்னு சொன்னா அவன் கேப்பானா?” என்று என்னிடம் கேட்டாள். காதலனாக இருந்தால் சட்டம் கேட்கச் சொல்கிறது என்று ஏதோ சொன்னேன். “கல்யாணம் ஆயிட்டா?” என்றாள். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கணவனுக்குத் தரப்பட்டிருந்த விலக்கை நீக்கச் சொல்லி வர்மா குழு எழுதியது. பாராளுமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் மனைவியின் வயதைப் பதினைந்திலிருந்து பதினெட்டாக உயர்த்தியது. அதற்கு மேல் விலக்கு அப்படியே நின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், மனைவிக்குப் பதினெட்டு வயதாகியிருந்தால், கணவன் செய்வது வல்லுறவு ஆகாது என்கிறது. பழைய சட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்தபோதும் அந்த ஒரு வரியைத் தொடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயது. போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.