கொப்பரையில் பிறந்த வண்டி

இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன், வேர் ஆறுகளை ஒட்டிய சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிச் சென்ற திறந்த மரவண்டிக்குச் ‘சால்ட்ரன்’ என்று பெயர். மேலே அகன்று கீழே குறுகும் பெட்டி அது. ஆற்றுத்துறை மேடையில் நிறுத்தி அடிக்கதவைத் திறந்தால் கரி தானே சரிந்து கொட்டிவிடும். சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சு; பொருள் கொப்பரை. பெட்டி கொப்பரைபோல வாயகன்று இருப்பதால் இப்பெயர் வந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நியூகாசிலில் கரிப்படகு ஒன்று 20 சால்ட்ரன் கொள்ள வேண்டும் என்று 1421இலேயே சட்டம் இருந்தது. இங்கிலாந்தில் கரிக்கான மரத்தண்டவாளப் பாதை தோன்றியது 1600ஐ ஒட்டித்தான். ஆக, கொப்பரை முதலில் அளவாயிற்று. அந்த அளவே பிறகு வண்டியாயிற்று. தோற்றம் பெயர் தரவில்லை, கொள்ளளவே தந்தது.

அந்த அளவு ஒரே சீராக நிற்கவில்லை; அதற்குக் காரணம் வரி. கரிக்குச் சால்ட்ரன் கணக்கில் தீர்வை விதித்தால், சால்ட்ரனைப் பெரிதாக்குவதே வணிகருக்கு லாபம். இடைக்காலத்திலிருந்து அந்த அளவு அப்படித்தான் வீங்கிக்கொண்டே வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் நியூகாசில் சால்ட்ரனை 53 அந்தர், அதாவது சுமார் 2,690 கிலோ என்று நிறுத்தியது. லண்டன் சால்ட்ரனோ 36 புஷல் என்ற முகத்தலளவை. எடையில் நியூகாசில் சால்ட்ரனில் ஏறத்தாழப் பாதிதான். தண்டவாள வண்டி சுமந்தது நியூகாசில் சால்ட்ரன் ஒன்றை. சக்கரம் பூட்டிய மரக்கால் என்றே அதைச் சொல்லலாம். தமிழில் ‘கலம்’ பாத்திரத்தையும், நெல்லளவையும், கப்பலையும் குறிப்பதை அறிந்தவருக்கு இந்தப் பொருள்விரிவு வியப்பாக இராது.

1835ஆம் ஆண்டுச் சட்டம் கரியை எடைபோட்டே விற்கவேண்டும் என்றது. அதன்பின் அளவுக்கும் வண்டிக்குமான உறவு அறுந்துவிட்டதே என்று கேட்கலாம். அளவை மறைந்தது உண்மை. ஆனால் அதே வடகிழக்கில் உள்ள சீஹம் துறைமுகத்தில் அப்பெயர் தாங்கிய வண்டிகள் 20ஆம் நூற்றாண்டிலும் ஓடின. 1948இல் பிரிட்டனின் ரயில்வே நாட்டுடைமையான பின் லட்சக்கணக்கில் கட்டப்பட்ட எஃகு வண்டியும் ‘16 டன் வேகன்’ என்றே வழங்கியது. அந்த ‘டன்’னும் மது ஊற்றிவைத்த பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து வந்ததுதான்! கொப்பரை போன இடத்தில் பீப்பாய் வந்து அமர்ந்தது. இன்று 1:76 அளவில் பொம்மை ரயில் அமைப்போர் விரல்நீள வேகனின் பக்கத்தில் அந்த ‘16’ஐ மறக்காமல் எழுதுகிறார்கள். அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடாது. எவ்வளவு கொள்ளும் என்பதே இந்த வண்டிக்குத் தொடக்கம் முதல் பெயர்; அந்த எண்ணை விட்டுவிட்டால் மாதிரி முழுமையாகாது.