ஆட்களப் பெயர் மீட்புக் காலம்

ஆட்களப் பெயர் மீட்புக் காலம் என்பது, காலாவதியாகி நீக்கப்பட்ட ஓர் இணைய ஆட்களப் பெயரை அதன் முந்தைய உரிமையாளரே திரும்பப் பெறுவதற்கென ஒதுக்கப்பட்ட 30 நாட்களைக் குறிக்கும். பேச்சு வழக்கில் டொமைன் எனப்படும் ஆட்களப் பெயரை எவரும் நிரந்தரமாக வாங்க இயலாது. .காம், .நெட் முதலியவற்றில் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்யலாம்.

காலாவதிக்குப் பின்

ஒரு .காம் பெயர் காலாவதியானதும், அவற்றின் பதிவகமான வெரிசைன் அப்பதிவைத் தானாகவே ஓராண்டுக்கு நீட்டித்து விடுகிறது. பயனர் பணம் செலுத்தாவிடில், பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனமான பதிவாளர் 45 நாட்களுக்குள் அதனை நீக்கி, நீட்டிப்புக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். இதனால், பதிவகத் தரவில் அடுத்த ஆண்டின் திகதியைக் கண்டு, பெயர் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாகத் தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

இந்த 45 நாட்கள் சலுகைக் காலம் என அழைக்கப்படினும், அவை பதிவாளருக்கு உரியவையேயன்றிப் பயனருக்கு உரியவை அல்ல. பதிவாளர் முன்னதாகவே பெயரை நீக்கலாம். பல பதிவாளர்கள் இக்காலத்திலேயே பெயரை ஏலத்தில் விடுகின்றனர். அவ்வாறு வேறொருவர் கைக்கு மாறிய பெயர் நீக்கப்படுவதே இல்லை. ஆகவே அதற்கு மீட்புக் காலமும் இல்லை.

ஐகான் அமைப்பின் கொள்கை 2013 ஆகஸ்ட் 31 முதல் சில கடமைகளை விதித்துள்ளது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள்ளும் பதிவாளர் அறிவித்தல் வேண்டும். காலாவதியாகி 8 நாட்களோ அதற்கு மேலோ கழித்து நீக்குவதாயின், நீக்குவதற்கு முந்தைய 8 நாட்களேனும் பெயரின் வழக்கமான இயக்கத்தைத் தடை செய்தல் வேண்டும். உரிமையாளர் விழித்துக்கொள்ளவே இந்த ஏற்பாடு. எனினும் அறிவிப்புக்கான மின்னஞ்சல் முகவரி அதே ஆட்களப் பெயரில் அமைந்திருப்பின், பெயர் முடக்கப்பட்டதும் அம்முகவரியும் இயங்காது.

மீட்டல்

மீட்புக் காலத்தில் தளமும் மின்னஞ்சலும் இயங்கா. பெயரை வேறு பதிவாளரிடம் மாற்றவும் இயலாது. பழைய பதிவாளர் வழியாகவே மீட்க வேண்டும். மீட்புக் கட்டணம் பொதுவாகப் புதுப்பித்தல் கட்டணத்தை விடப் பன்மடங்கு அதிகம். 30 நாட்கள் கடந்தபின் 5 நாட்கள் நீக்கக் காத்திருப்பு நிலை. அப்போது எவராலும் எதுவும் செய்ய இயலாது. பின்னர் பெயர் பொதுவில் விடப்படுகிறது. மதிப்புள்ள பெயர்களைத் தானியங்கி நிரல்கள் நொடிப்பொழுதில் பதிந்துகொள்கின்றன.

வரலாறு

1999 கிறித்துமசு வேளையில், ஹாட்மெயில் புகுபதிகைக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் பெயரை மைக்ரோசாப்ட் புதுப்பிக்கத் தவறியது. மைக்கேல் சேனி என்னும் நிரலாளர் தம் கடனட்டையில் 35 டாலர் செலுத்தினார். அவர் பெயரைத் தமதாக்கிக் கொள்ளவில்லை. மைக்ரோசாப்டின் நிலுவையையே தீர்த்தார். மீட்புக் காலம் அப்போது இருக்கவில்லை; .காம், .நெட் பெயர்களுக்கு அது 2003 இலேயே அறிமுகமானது.

.யூகே போன்ற நாட்டுக் குறியீட்டுப் பெயர்களை ஐகானின் இக்கொள்கை கட்டுப்படுத்தாது. அவற்றின் விதிகளை அந்தந்தப் பதிவகமே வகுக்கிறது.