குயவர் கைவினையும் ஓய்வூதியமும்: வெட்ஜ்வுட் அருங்காட்சியகம் மீண்ட வரலாறு

ஒரு தொழில் நிறுவனம் தன் வரலாற்றைத் தொகுத்து அருங்காட்சியகம் அமைக்கும்போது, அத்தொகுப்பு யாருடைய உடைமை என்னும் வினா எழுகிறது. அது முதலாளியுடையதா, உழைத்தவர்களுடையதா, நாட்டு மக்களுடையதா? நிறுவனம் செழித்திருக்கும் வரையில் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. அது வீழும் நாளில் விடை கூறியே ஆகவேண்டும். இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் நிறுவனத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குயவர் குடும்பத்தில் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட் 1759ஆம் ஆண்டில் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் தம் மட்கலத் தொழிலைத் தொடங்கினார். ‘ஜாஸ்பர்’ எனப்படும் கலவகையை உருவாக்க அவர் ஆயிரக்கணக்கான சோதனைகளை நிகழ்த்தினார். சோதனைத் துண்டுகளுக்கு எண்ணிட்டுக் குறிப்பும் எழுதிவைத்தார். 1787இல் அடிமை வாணிக எதிர்ப்பு இயக்கத்திற்கென அவருடைய தொழிற்கூடம் வார்த்த பதக்கம் உலகப் புகழ்பெற்றது. 1906இல் நிறுவனம் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. காலப்போக்கில் கலங்கள், ஓவியங்கள், கடிதங்கள், வடிவ ஏடுகள் என 80,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்குச் சேர்ந்தன. பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளரின் கைத்திறன் அவற்றில் பதிந்திருக்கிறது.

பார்லஸ்டன் என்னும் ஊரில் 2008இல் புதிய கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகங்களுக்கான நாட்டளவிலான பரிசையும் வென்றது. ஆனால் அதே 2009ஆம் ஆண்டின் சனவரியில் தாய்க்குழுமமான வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் நொடித்துப்போயிற்று. அருங்காட்சியகத்தைத் தனி அறக்கட்டளை ஒன்று நடத்தியதால் தொகுப்புக்குத் தீங்கு நேராது என்றே பலரும் கருதினர்.

இடர் ஓய்வூதியத்தின் வழியே வந்தது. அருங்காட்சியகப் பணியாளர் ஐவர், ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட குழும ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தனர். அத்திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்கள் நொடித்தால், நொடிக்காமல் எஞ்சி நிற்பது முழுப் பற்றாக்குறைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். எனவே 13.4 கோடி பவுண்டு கடன் அறக்கட்டளையின் மீது விழுந்தது. தொகுப்பைக் கடன் தீர்க்க விற்கலாம் என 2011 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் அதன் ஆவணத் தொகுதி யுனெஸ்கோவின் பிரித்தானிய உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தது!

இங்கு நாம் ஒரு பக்கம் மட்டும் சார்ந்து பேசுவதற்கில்லை. முதுமைக்கால ஊதியம் தொழிலாளியின் உரிமை. அவனும் அவன் முன்னோரும் வனைந்த கலங்களோ அவர்தம் உழைப்பின் நினைவு. ஒரே உழைப்பில் பிறந்த இவ்விரண்டையும் சட்டம் எதிரெதிரே நிறுத்தியது.

இம்முடிச்சை அவிழ்த்தது நன்கொடை. தொகுப்பை ஒட்டுமொத்தமாக மீட்க 1.575 கோடி பவுண்டு தேவைப்பட்டது. பாரம்பரிய லாட்டரி நிதியமும் கலை நிதியமும் பிறரும் பெரும்பகுதியைத் தந்தனர். எஞ்சிய 27.4 இலட்சம் பவுண்டுக்காக 2014 செப்டம்பரில் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நவம்பர் இறுதிவரை தவணை இருந்தும், ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே தொகை நிறைந்தது. தொகுப்பு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. எனினும் நீண்டகாலக் கடனாகப் பார்லஸ்டனிலேயே இருந்து வரலாயிற்று. குயவர் மண்ணை விட்டு அவர்தம் கலங்கள் அகலவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பொருளைப் பேணும் அன்பு மட்டும் போதாது. அது யார் பெயரில், எந்த நிபந்தனையில் இருக்கிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்வதும் பேணுதலேயாகும். நம் தமிழ்ப்பள்ளிகளிலும் சங்கங்களிலும் பழைய வருகைப் பதிவேடுகள், கையெழுத்து இதழ்கள், நிழற்படங்கள் எனப் பலவும் அலமாரிகளில் உறங்குகின்றன. பள்ளி இடம் மாறினால், சங்கம் கலைந்தால், அவை யாரைச் சேரும்? ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே அவற்றைப் பட்டியலிட்டு, உரிமையைத் தெளிவாக வரைந்து வைத்தல் வேண்டும். ஈந்து மீட்கப் பொதுமக்கள் முன்வருவார்கள் என்பதை வெட்ஜ்வுட் வரலாறு காட்டுகிறது. அந்த நிலை வருமுன் காப்பது நம் கடமை.