மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தாரா?

ஏற்காடு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். சுற்றுலாப் பக்கங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று. யாரோ எழுதி வைக்க, எல்லோரும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நானும் பல வருஷமா நம்பிட்டுதான் இருந்தேன்.

மன்றோ இறந்தது 1827 ஜூலை 6. பத்திகொண்டாவில், காலராவில். 1842இல் கவர்னராக இருந்தவர் எல்பின்ஸ்டன், அந்த வருஷக் கடைசியில் ட்வீடேல். மவுண்ட் ரோட்டுப் பக்கம் தீவுத்திடலில் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை வைக்கப்பட்டது 1839இல். அதாவது சிலையாகி மூணு வருஷம் கழித்து மனுஷன் மலையேறிப் போய் ஊரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்!

இன்னொரு வேடிக்கை. அதே பக்கங்களில் நாலு வரி தள்ளி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட்டார் என்றும் இருக்கும். அது சரியான தகவல்தான். அவர் 1820 முதல் 1829 வரை கலெக்டர். கிரேஞ்ச் எஸ்டேட் அவரோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆனால் கண்டுபிடிக்காத ஊரில் இருபது வருஷம் முன்னாடியே காப்பிச்செடி எப்படி வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மன்றோவுக்கும் சேலத்துக்கும் உறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1792இல் மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்து திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தபோது, கேப்டன் ரீடுக்கு உதவியாளராக 1799 வரை இந்தப் பக்கத்தில் வரி நிர்ணயம் செய்தவர் அவர். அந்தப் பெயர் பிற்பாடு எதனோடோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

எனக்கு உறுத்துவது வருஷம் மட்டும் இல்லை. "கண்டுபிடித்தார்" என்கிற அந்தச் சொல்தான். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தடவை மலைக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு, வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டே.

இங்கிலாந்தில் கிராம வரலாறு தேடுகிறவர்கள் முதலில் ஊர் சர்ச்சுக்குப் போவார்கள், அப்புறம் பப்புக்கு. நான் பப்பை விட்டுவிட்டு, சர்ச்சுக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் போனேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹோலி டிரினிட்டி தேவாலயம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி வைக்கப்பட்ட இடம் இது. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்கோடாரியை எடுத்தவர். இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்று காட்டிய கல் அது. புவியியல் துறையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். அஸ்தி இந்த மலைக்கு வந்தது.

இடையில் ஒரு சின்னத் தகவல். சேர்வராயன் மலையின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதே ஜாதிதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைக் கல்லில் இருப்பதைப் பார்த்து தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். சென்னைப் பக்கத்துக் கல் கல்கத்தாவுக்குப் போனது. கல்கத்தாவில் இறந்தவர் சாம்பல் சார்னோகைட் மலைக்கு வந்தது!

ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் இருந்த பெர்சிவல் பாதிரியாரேதான். அவர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணையாக இருந்த இளைஞர் ஆறுமுகம், பின்னாளில் ஆறுமுக நாவலர். 1848இல் இருவரும் அந்த மொழிபெயர்ப்போடு சென்னைக்கு வந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டினார்கள். 1850இல் அச்சேறியது. சபைகள் அதை ஏற்கவில்லை. நாவலரோ 1848லேயே விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், தினவர்த்தமானி என்ற பத்திரிகை நடத்தினார், ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தோடு வெளியிட்டார். 1882இல் இதே ஏற்காட்டில் இறந்தார். தமிழ் உரைநடை வரலாற்றில் இவ்வளவு முக்கியமான ஆள் இந்த மலையில்தான் கடைசி மூச்சு விட்டார் என்பது ஊரில் எந்தச் சுற்றுலாப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. லேடீஸ் சீட்டுக்கு மட்டும் அம்புக்குறி போட்டிருக்காங்க.

சரி, சேர்வராயன் கோயிலுக்கு வருவோம். மலையின் உச்சி, 5326 அடி. ஏறிப் போனால் கூர்மையான சிகரம் எதுவும் இல்லை, மைதானம் மாதிரி பரந்து கிடக்கும். மண் செக்கச்செவேல் என்று இருக்கும். பாறை பல லட்சம் வருஷம் மழையில் கரைந்து பாக்சைட் ஆகிவிட்டது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வெட்டவெளியில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போகணும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும்.

இது மலையாளி பழங்குடி மக்களின் சாமி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர், மூத்தவர் சேர்வராயனுக்கு, மற்றவர்கள் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் என்பது அவர்கள் சொல்லும் கதை. சேலநாடு, முத்துநாடு, மோகநாடு என்று மலையைப் பிரித்து, நாட்டாமை வைத்து ஆண்டவர்கள். காக்பர்ன் குதிரை ஏறி வந்தபோது இதெல்லாம் இருந்தது.

ஃபூட்டுக்கு இது நன்றாகவே தெரியும். இந்த மலையில் அவர் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகளைத் தேடினார். அவை மண்ணுக்கடியில் மட்டும் இல்லை. மலையாளிகள் அவற்றைப் பொறுக்கி எடுத்து, சின்னச் சின்னக் கோயில்களில் சாமிக்கல்லாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே மாதிரிக் கற்களை வானத்திலிருந்து விழுந்த இடிக்கல் என்று நினைத்து, மின்னல் தாக்காமல் இருக்க வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். அது மனுஷன் செய்தது என்று அவர்களுக்கும் வெகுகாலம் தெரியாது. எழும்பூர் அருங்காட்சியகம் 1904இல் ஃபூட்டின் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அவர் தயாரித்த பட்டியல் அவர் இறந்தபின் அச்சானது. எங்கே எது கிடைத்தது என்று ஊர் ஊராக எழுதி வைத்த மனுஷர், அதில் குறை சொல்ல முடியாது. அவர் எழுதாவிட்டால் சாமிக்கல் விஷயம் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் ஒரு கோயிலிலிருந்து கல்லை எடுக்கும்போது அந்த ஊர்க்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு.

குகை வாசலில் பூசாரிப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, இந்த ஊரை மன்றோ துரை கண்டுபிடிச்சார்னு போட்டிருக்காங்களே?"

விபூதியை என் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "காணாமப் போயிருந்துச்சுங்களா?"

பின்னாடி வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே போறவங்க தலையைக் குனிஞ்சு போங்க, கல்லு இடிக்கும் என்று அவர் அடுத்தவருக்குச் சொல்லப் போய்விட்டார்.