மைக்செட்டு அண்ணாச்சியும் டி.ஜே. தம்பியும்



நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு வாக்குவாதம் நடந்தது. "கல்யாண வீட்டுல டி.ஜே. எதுக்கு? கரிசக்காட்டு ஊருக்கும் அந்தக் கூத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சித்தப்பா ஒருவர் கேட்க, பிள்ளைகள் ஏதோ சிரிப்புப் படங்களை அனுப்ப, கடைசியில் "டீச்சரே சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே படியுங்கள்.

டி.ஜே. என்கிற பெயர் நமக்குப் புதிது. அந்த வேலையைச் செய்தவர் என் சின்ன வயதிலேயே எங்கள் ஊருக்கு வருவார். மைக்செட்டுக்கார அண்ணாச்சி என்போம். அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கோவில்பட்டியிலிருந்து அவர் வந்து இறங்குவது எங்களுக்குத் திருவிழாவின் கொடியேற்று. பெட்டியைத் திறந்தால் ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர், சணல் சாக்கில் சுற்றிய இரண்டு குழாய்கள். வேப்பமரத்தில் ஏறி ஒரு குழாயை ஊரைப் பார்க்கவும் ஒன்றைக் காட்டைப் பார்க்கவும் கட்டுவார். காட்டில் களை எடுப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா. கரண்டு வராத ஊரென்றால் கார் பேட்டரி. வந்த ஊரென்றால் போஸ்டில் கொக்கி. (மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் மன்னிக்க.)

அவருடைய வேலையில் இருந்த நெருக்கடி அப்போது எனக்குப் புரியவில்லை. 78 சுற்று ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான் பாட்டு. அதற்குள் அடுத்ததைத் தேடி, துடைத்து, ஊசி தேய்ந்திருந்தால் மாற்றி, தயாராக இருக்க வேண்டும். ஒரு நிமிடம் சத்தம் நின்றாலும் ஊரே மரத்தடியைப் பார்க்கும். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பிப்பார். பிறகு டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. வெயில் ஏற ஏற சினிமாப் பாட்டு. அதிலும் ஒரு எம்.ஜி.ஆர். பாட்டு போட்டால் அடுத்தது சிவாஜி பாட்டு போட்டே ஆக வேண்டும். இரண்டு எம்.ஜி.ஆர். பாட்டு சேர்ந்து வந்துவிட்டால் சிவாஜி ரசிகர்கள் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஊரின் அமைதி அந்தப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த வரிசையில் இருந்தது.

பாட்டைவிடக் கூட்டம் கூட்டியது வசனத் தட்டு. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனம் ரெக்கார்டாக வந்திருந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு நமக்குப் பக்கத்து ஊர். அந்தக் கதையைச் சிவாஜியின் குரலில் குழாய் வழியாகக் கேட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மாகூட ஒரு சொல் பிசகாமல் கூடவே சொல்லுவாள். ராகம் கிடையாது, மூச்சும் அடுக்கும் வேகமும் மட்டும்தான். இன்றைக்குப் பையன்கள் சொல்லிசை என்கிறார்களே, காதுக்கு அது ரொம்பத் தூரத்தில் இல்லை.

பாட்டு ஓடும்போதே சத்தத்தைக் குறைத்து அண்ணாச்சி மைக்கில் பேசுவார். மேலத்தெருவில் இன்னார் அம்மனுக்கு ஐம்பத்தொரு ரூபாய் அன்பளிப்பு, சிவப்புச் சட்டை போட்ட பையனைக் காணோம், கூழ் தயார், பாத்திரத்தோடு வாருங்கள். பேச்சு முடிய, சரியாகச் சரணம் தொடங்குகிற இடத்தில் சத்தத்தை ஏற்றுவார். எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். ஜமைக்காத் தீவில் 1950களிலேயே பெரிய பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி ரெக்கார்டு போடும் வழக்கம் உண்டு. அதன் பெயர் சவுண்ட் சிஸ்டம். தட்டு போடுகிறவர் ஒருவர், ஓடுகிற பாட்டின் மேல் மைக்கில் தாளத்தோடு பேசுகிறவர் இன்னொருவர். அங்கே டி.ஜே. என்று அழைத்தது பேசுகிறவரைத்தான். நம் அண்ணாச்சி இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்தார். அந்தத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி நியூயார்க் போன குடும்பத்துப் பையன் கிளைவ் கேம்பெல். கூல் ஹெர்க் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், அவருடைய தங்கை பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பாட்டு விருந்து வைத்தாள். அதையே ஹிப்ஹாப் பிறந்த நாள் என்கிறார்கள். ஹெர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டில் குரல் நின்று வெறும் தாளம் மட்டும் வரும் இடத்தில்தான் ஆடுகிறவர்கள் முழு வேகம் எடுக்கிறார்கள். அந்த இடமோ சில நொடிகளில் போய்விடும். அதனால் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்றில் அந்தத் தாளம் முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கினார். சில நொடித் தாளம் பல நிமிடம் நீண்டது. ஹிப்ஹாப் இசைக்கு வித்து இந்த இரட்டைத் தட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பூங்காவில் பாட்டுப் போடத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்துதான் மின்சாரம் எடுத்தார்களாம். கொக்கி உலகப் பொது!

"பழைய பாட்டைக் கெடுக்கிறான்கள்" என்பது சித்தப்பாவின் அடுத்த குற்றச்சாட்டு. நம் கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளக்காரர்கள் என்ன செய்தார்கள்? நேற்று வந்த சினிமா மெட்டை இன்று நாதஸ்வரத்தில் வாசித்து, தவிலை இரண்டு மடங்கு வேகத்துக்கு ஏற்றினார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கச்சேரி மேதை. அவரும் சினிமாவைத் தள்ளி வைக்கவில்லை. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு வந்த அவர் நாதஸ்வரம் எல்லா மைக்செட்டுப் பெட்டியிலும் இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். இன்றும் கல்யாண வீட்டில் அவர் வாசிப்பு ஒலிக்கிறது.

சொல்லடுக்குக்கு அயலூர் போக வேண்டியதே இல்லை. கழுகுமலை முருகனுக்குச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் பாடிய காவடிச்சிந்தை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காவடி தூக்கி மலைக்கு நடக்கிறவனின் கால் போடும் தாளத்துக்கு எதுகையும் மோனையும் இயைபும் மேலே மேலே விழும். வகுப்பில் யாப்பு சொல்லிக் கொடுக்கையில் தூங்கின பிள்ளைகள்கூட காவடிச்சிந்துக்கு பெஞ்சில் தட்டுவார்கள். பெயர்களும் உங்களுக்கே தெரியும்.

தமிழில் ராப் என்ற பெயரோடு வந்தது 1994இல் 'காதலன்' படத்துப் பேட்டை ராப். அது ஒரு பாட்டோடு சரி. தனி இசையாகவே நிலைத்தது மலேசியாவிலிருந்து. தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நாட்டில் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டு வந்தார். 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை அவர்கள் மறுபடி செய்ததுதான் நம் ஊர் மினிபஸ் வரை வந்து சேர்ந்தது. பிறகு ஆதியும் ஜீவாவும், 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு, 2012. எனக்கு எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகளின் உடுப்பைக் கேலி செய்து பாடிப் பெயர் வாங்குவது எனக்கு ஒப்பாது.

அறிவு விஷயம் வேறு. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் வந்தவர். 2021 மார்ச்சில் தீயோடு சேர்ந்து 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையையும் ஒப்பாரியையும் அதில் கொண்டு வந்தார். வானம் பார்த்த நம் பூமியிலிருந்தும் தேயிலைக்குப் போனவர்கள் உண்டு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தப் பாட்டு வந்தபோது எனக்கு முதல் போன் அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்ணாச்சி குழாயை ஊருக்கும் காட்டுக்கும் கட்டினார் என்றேன். காலனிப் பக்கம் ஒரு குழாயும் திரும்பியதில்லை. காற்று கொண்டுபோனதை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1980களில் கேசட் வந்து செலவு குறைந்த பிறகுதான் காலனியின் காளியம்மன் கொடைக்குத் தனி மைக்செட்டு வந்தது. கூடவே வேறு தலைவலியும் வந்தது. ஒவ்வொரு தெருவும் தன் சாதிப் பெருமைப் பாட்டை அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி போட ஆரம்பித்தது. 1990களில் தென்மாவட்டம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் எதில் முடியும் என்று தெரியும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இன்று நம் வட்டாரத்தில் டி.ஜே. பெயர் வேண்டாம். வாய்ப்பாட்டை மேசையில் தாளம் தட்டித்தான் சொல்லுவான், பதினாறாம் வாய்ப்பாடுவரை பிசகாது. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். அங்கே நாள் முழுக்க ரேடியோ ஓடும், பாட்டுக்குக் கை ஓடும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன். கடன் வாங்கி லேப்டாப், மிக்சர், பாக்ஸ் எல்லாம் எடுத்தான். தையிலிருந்து வைகாசி வரை ராத்திரித் தூக்கம் கிடையாது, ஆடியில் அம்மன் கோயில் கொடை. புரட்டாசியும் மார்கழியும் வந்தால் லோடு ஆட்டோ ஓட்டித் தவணை கட்டுகிறான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விதி சரிதான், வயதானவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உறங்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் மாப்பிள்ளையின் தோழர்கள் சண்டைக்கு வருகிறார்கள், நிறுத்தாவிட்டால் போலீஸ் பெட்டியைத் தூக்குகிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவன் அவன்தான்.

அட்வான்ஸ் வாங்கும்போதே "சாதிப் பாட்டு போட மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறானாம். அதனால் கை நழுவிப் போன வேலைகள் நிறைய. அப்படியும் நடுராத்திரியில் ஒருவன் பென்டிரைவை நீட்டுவான், கண் சிவந்திருக்கும், கூடப் பத்துப் பேர். "என்னலே செய்வ?" என்று கேட்டேன். "டீச்சர், வாங்கிச் சொருகுவேன். 'அண்ணே, வைரஸ் காட்டுது, சிஸ்டம் நின்னா பாட்டே இருக்காது'ன்னு சொல்லிட்டு, ஆள் யோசிக்கிறதுக்குள்ள எல்லாரும் ஆடுற பழைய பாட்டு ஒண்ண வேகம் கூட்டி விட்ருவேன். கால் ஆட ஆரம்பிச்சிட்டா வாய் பேசாது" என்றான்.

சித்தப்பா, அந்தப் பையனைத்தான் நீங்கள் கூத்தடிப்பவன் என்கிறீர்கள். எம்.ஜி.ஆர். பாட்டுக்கு அடுத்து சிவாஜி பாட்டை எடுத்து வைத்த அண்ணாச்சியின் கையைத்தான் நான் அவனிடம் பார்க்கிறேன். சம்பளத்தைக் குறைத்துப் பேசாதீர்கள், அவனுக்கும் உதவிக்கு வரும் பையன்களுக்கும் பந்தியில் முதலிலேயே இலை போடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மைக்செட்டு வைத்திருந்த வீடுகளில் ரெக்கார்டுகள் பரண்மேல் இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். கட்டபொம்மன் வசனத் தட்டு கீறல் இல்லாமல் யாரிடமாவது இருந்தால், அந்தத் தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பிளேயர் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.