சிக்குன்குனியா

நம் காதுக்கு இதில் 'சிக்க'னும் கேட்கும், 'குனிய'வும் கேட்கும். 2006-ல் தமிழகத்தில் இந்தக் காய்ச்சல் பரவியபோது கோழிக்கறியைச் சந்தேகித்தவர்கள் உண்டு. பாவம் கோழி, பரப்பியது ஏடிஸ் கொசு. சொல், தான்சானியா–மொசாம்பிக் எல்லைப் பக்கத்து மக்கோண்டே மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1952-53-ல் அங்கே நோய் கண்டபோது, வலியால் உடல் வளைந்து முடங்குவதைச் சொல்லும் வினையே நோய்க்குப் பெயரானது. 'குனிய' என்று கேட்ட காது பொருளில் தவறவில்லை. ஒலி ஒற்றுமை தற்செயல்தான்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்குக் குனிவதே வேலை. ஏலக்காய் செடியின் தூரடியில்தான் காய்க்கும். அவர்களுக்குச் சிக்குன்குனியா வந்தால், காய்ச்சல் சில நாளில் போய்விடும். சிலருக்கு மூட்டுவலியும் அசதியும் மாதக்கணக்கில் நிற்கும். உடல் முழுக்க நாள்பட வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா போலவே ஆகிவிடுவதும் உண்டு. வைரஸ் அடங்கியும் நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்கவில்லை, மூளையின் மைக்ரோகிளியா செல்கள் வலிச் செய்தியைப் பெருக்குகின்றன என்பவை இன்றைய கருதுகோள்கள். 2021-ல் வெளியான ஆய்வொன்றில், ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் எதிர்ப்பொருளை ஏற்றிய எலிகள் லேசான அழுத்தத்துக்கே கூசின. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது. அதனால்தான் வலிக்காரருக்கு 'உடம்பு வளையலை' என்ற ஏச்சும் சேர்ந்து கிடைக்கிறது.