நாளுக்கொரு வசனம்: வேத தியானம் வீடு வந்து சேர்ந்த வரலாறு

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவுக்கு முன்போ பின்போ குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, வீட்டுப் பெரியவரின் ஜெபம். பகுதியைப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வசனமாகச் சத்தமாக வாசிப்பார்கள். சுவர்க் காலண்டரில் அன்றன்றைக்கு ஒரு வசனம் அச்சாகியிருக்கும். புத்தாண்டு ஆராதனை முடிந்து திரும்பும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கையில் இருக்கும். வேதத்தை நாள்தோறும் சிறிதளவு எடுத்து, மனத்தில் அசைபோட்டு, அன்றைய பிழைப்போடும் கவலையோடும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மிஷனரிகள் கொண்டுவந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரி, மிஷனரிகளுக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளையும், அவர்கள் வந்தபின் தமிழர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்ட விதத்தையும் மறைத்துவிடுகிறது.

வேத தியானம் என்றதும் கதவடைத்த அறையில் ஒருவர் தனியே அமர்ந்து வாசிக்கும் காட்சியே இன்று பலருக்கும் தோன்றுகிறது. வரலாற்றில் அது எப்போதும் ஒரு கூட்டத்தின் காவலில்தான் வளர்ந்திருக்கிறது என்பதே என் வாதம். முழுப் பகுதி சுருங்கி ஒற்றை வசனமானதைக் குறைசொல்லுகிறவர்கள் உண்டு. சுருங்கியதைவிட, அந்தக் காவல் விலகியதுதான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் வீடுதான். உபாகமம் 6ஆம் அதிகாரம், கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழிநடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. தியானத்துக்கு அங்கே தனி நேரம் இல்லை, தனி இடமும் இல்லை. பேச்சோடு பேச்சாக அது நடக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் கிறிஸ்தவத் துறவிகள் அதற்கு நேரம் குறித்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோவில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலின் 48ஆம் அதிகாரம், கைவேலைக்கும் திருவாசகத்துக்கும் நாளைப் பங்கிட்டுத் தருகிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்படும். அதை முதலிலிருந்து இறுதிவரை வரிசையாக வாசித்தாக வேண்டும். வாசிப்பு நேரத்தில் யாராவது வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று மூத்த துறவிகள் ஓரிருவர் சுற்றிவந்து பார்ப்பார்கள். உணவு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் கேட்பார்கள். தனி வாசிப்புக்கும் அங்கே கண்காணிப்பு இருந்தது.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய மடத்தலைவரான இரண்டாம் கீகோ இதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்து நிற்றல். கைவேலை செய்துகொண்டிருந்த ஒருநாள் இந்த எண்ணம் தனக்கு வந்ததாக அவரே சொல்கிறார். உடலுழைப்பின் நடுவே பிறந்த முறை இது என்பதைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டு, ஓய்வுள்ளவர்களுக்கு உரியதாக அதை ஆக்கிக்கொண்டார்கள்.

மடத்துக்கு வெளியே இருந்த உழைப்பாளியிடம் அதைக் கொண்டுவந்தவர் மார்ட்டின் லூத்தர். விட்டன்பர்க் நகரில் அவருக்கு முடிவெட்டிய பீட்டர் என்பவர், ஜெபிப்பது எப்படி என்று கேட்டார். பதிலாக 1535இல் லூத்தர் ஒரு சிறுநூலே எழுதிக் கொடுத்தார். நல்ல நாவிதர் கத்தியிலும் முடியிலும் கண்வைப்பதுபோல ஜெபிக்கிறவரும் சொல்லில் கண்வைக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளிக்குப் புரியும் பேச்சில் சொல்கிறார். கட்டளை ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் எனக்கான போதனை என்ன, நன்றி சொல்ல என்ன இருக்கிறது, அறிக்கையிட என்ன இருக்கிறது, எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நான்கு விதமாகப் பார்க்கச் சொல்கிறார். 1539இல் எழுதிய ஒரு முன்னுரையில், வேதம் கற்பதற்கு ஜெபமும் தியானமும் போதாது, சோதனையும் வேண்டும் என்றார். துன்பத்தில் அடிபடாதவருக்கு வசனம் முழுதாகத் திறப்பதில்லை என்பது அவர் கருத்து. கீகோ உச்சிப்படியில் இறைவனில் ஆழ்தலை வைத்தார். லூத்தர் அந்த இடத்தில் அன்றாட வாழ்வின் அடிகளை வைத்தார். இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான்.

அடுத்த அலை பக்தி இயக்கத்தாருடையது. பிலிப் யாக்கோப் ஸ்பெனர் 1670இல் பிராங்க்பர்ட்டில் வேதம் வாசித்துப் பேசும் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். போதகர் பேச மற்றவர்கள் கேட்பது என்றிருந்த நிலையில், சாதாரணச் சபையாரும் வாய்திறந்து பேசும் இடமாக அது அமைந்தது. அவர் வழிவந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஹாலே நகரில் அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். அங்கேயே கான்ஸ்டைன் பிரபு 1710இல் வேதாகமச் சங்கம் ஒன்றை நிறுவினார். அடுக்கிய எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து, வேண்டும்போதெல்லாம் அச்சிட்டார்கள். வேதாகமம் மலிவு விலையில் வீடுகளுக்குப் போனது.

இந்த ஹாலேயின் வார்ப்பில் உருவானவர்கள்தாம் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும். சீகன்பால்கு 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் 1714இல் அச்சாகி, 1715இல் நூல் முழுமையடைந்தது. அந்த முதற்பகுதியின் படி ஒன்று தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்த இராசநாயக்கன் என்ற கத்தோலிக்க வீரரின் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்து வாசித்தே அவர் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்து, பின்னாளில் உபதேசியாராக ஊழியம் செய்தார். அவர் வந்த வழி வாசிப்பு. அவரிடம் உபதேசம் பெற்றவர்கள் வந்த வழியோ பெரும்பாலும் கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், உபதேசியார் வாசிக்க, கேட்டவர்கள் திரும்பச் சொல்லி மனனம் செய்தார்கள்.

கத்தோலிக்கர்களிடையே வேத தியானம் வேறு தடத்தில் ஓடியது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் நூல் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றது. நற்செய்தி நிகழ்ச்சி ஒன்றைக் கண்முன் நிறுத்தி, அங்கே நின்று பார்ப்பதும் கேட்பதும் அதன் வழி. உபதேசியார்களான வேதியர்களுக்காக வீரமாமுனிவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இயேசு சபையின் அந்தப் பயிற்சி மரபிலிருந்து வந்தது. இலங்கையில் உழைத்த கோவாக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும். விவிலியத்தைக் கையில் எடுத்திராத ஒரு மீனவத் தாய்க்கு ஆண்டவரின் பாடுகள் வரிவரியாகத் தெரிந்திருந்தது இப்படித்தான். புரொட்டஸ்தாந்து ஆய்வாளர்கள் தியான வரலாற்றை எழுதும்போது இதைத் தவிர்த்துவிடுவது நியாயமில்லை. காதால் கேட்டு, கண்ணீர்விட்டு, ஊரோடு சேர்ந்து செய்வதும் வேத தியானமே.

நாளுக்கொரு வசனம் என்ற வடிவம் பிறந்த இடம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட். மொராவியாவிலிருந்து ஒடுக்குமுறைக்குத் தப்பிவந்தவர்களுக்கு நிக்கோலாஸ் லுட்விக் சின்சென்டோர்ப் பிரபு 1722இல் தம் நிலத்தில் இடம் கொடுத்தார். ஹாலேயில் படித்த சிறுவயதில், பிராங்கேயின் உணவு மேசையில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1728 மே 3 மாலைக் கூட்டத்தில், மறுநாளுக்கென்று ஒரு சிறு வாக்கியத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். மறுநாள் காலை அது வீடு வீடாகச் சொல்லப்பட்டது. அப்போது அந்தக் குடியிருப்பில் இருந்தவை 32 வீடுகள். வசனத்தைக் கொண்டுபோன சகோதரர் அதைச் சொல்லிவிட்டு ஓடிவிடவில்லை. வீட்டாரின் நலம் விசாரித்து, நோயாளி உண்டா, மனத்தாங்கல் உண்டா என்று அறிந்துவந்தார். 1731இல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் நூலாக வந்தன. அன்றுமுதல் இந்நாள்வரை அது ஆண்டுதோறும் வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுப்பார்கள். அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து பக்கத்தில் வைப்பார்கள். ஒரு வசனத்தை இன்னொரு வசனம் காக்கும். இரண்டையும் சபையின் உரையாடல் காக்கும். மொராவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து, பொறையாறு அருகே தோட்டம் அமைத்துத் தங்கினார்கள்.

அந்த வடிவத்தின் ஆற்றலைக் காட்டுகிறவர், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். 1935இல் அவர் பொறுப்பேற்ற இறையியல் பயிற்சிப் பள்ளி விரைவிலேயே பின்கன்வால்டே என்ற இடத்துக்கு மாறியது. அங்கே மாணவர்கள் காலைதோறும் அரைமணி நேரம், வாரம் முழுவதும் ஒரே பகுதியை மௌனமாகத் தியானிக்க வேண்டும். பலருக்கு அது பெரும் சுமையாக இருந்தது, அவர் விடவில்லை. 1939 ஜூனில் நண்பர்கள் ஏற்பாட்டில் அவர் அமெரிக்கா போனார். அங்கேயே தங்கியிருந்தால் உயிர் பிழைத்திருக்கும். ஜூன் 26 அன்று அவர் வாசித்தது, குளிர்காலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்கும் வரி. அது நாளெல்லாம் தன்னைத் தொடர்ந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்றும் குறித்தார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 8 அன்று உடனிருந்த கைதிகளுக்கு ஏசாயா 53:5ஐயும் 1 பேதுரு 1:3ஐயும் விளக்கினார், மறுநாள் தூக்கிலிடப்பட்டார். ஒற்றை வசனம் ஒருவரை ஆபத்திலிருந்து விலக்காமல் ஆபத்துக்குள் நடத்தியது. வாரம் முழுவதும் ஒரே பகுதியோடு இருந்து பழகிய மனத்துக்கு அந்த வசனம் வந்தது என்பதைச் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

தமிழகத்துக்குத் திரும்பினால், அங்கே 19ஆம் நூற்றாண்டு மனனத்தின் நூற்றாண்டு. திருநெல்வேலிக் கிறிஸ்தவக் கிராமங்களில் காலையும் மாலையும் கோயில் மணி அடிக்க, வேலைக்குப் போகிறவர்களும் வேலையிலிருந்து திரும்புகிறவர்களும் கூடுவார்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம், வீட்டில் 23ஆம், 91ஆம் சங்கீதங்கள். பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண் ஊழியர்கள், வெளியே வராத பெண்களுக்கு வீட்டுக்குள் போய் எழுத்தையும் வசனத்தையும் சேர்த்தே கற்பித்தார்கள்.

வசனம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு, மொழிபெயர்ப்பைத் திருத்த முயன்றபோது எழுந்த எதிர்ப்பே சான்று. மிஷனரி பப்ரிசியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தைப் பின்வந்த மிஷனரி ரேனியஸ் எளிய நடைக்கு மாற்ற முற்பட்டபோது, தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். நாவில் பதிந்துவிட்ட வேதத்தில் கைவைப்பது அவருக்கும் அவர் சபையாருக்கும் தாங்க முடியாததாக இருந்தது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் 1871இல் வெளிவந்து நிலைத்தபின், அதற்கும் அதே பற்று உண்டாயிற்று. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தபிறகும், புரொட்டஸ்தாந்து வீடுகள் பெரும்பாலும் பழையதையே ஜெபத்துக்கு எடுக்கின்றன. இதை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிட முடியாது.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. சாஸ்திரியார் 1820களின் இறுதியில் எழுதியவற்றில் சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கும் ஆதரவாக வாதாடினார். வேதத்தைப் பாட்டாகவே பாடித் திரிந்த ஒரு மேதையால் அதைச் செய்ய முடிந்தது. ஆகவே வசனம் மனத்தில் பதிவது ஒன்று, பதிந்த வசனம் பந்தியில் யாரோடு அமர்கிறோம் என்பதை மாற்றுவது இன்னொன்று. ஸ்பெனரின் கூட்டங்கள்போல் எல்லாரும் வாய்திறந்து பேசும் கூட்டத்தில்தான் அந்த இரண்டாவது நடக்க வாய்ப்பு உண்டு. ஒதுக்கப்பட்டவர் எதிரே அமர்ந்து, தனக்கு இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று பேசும்போது, மற்றவர் காதில் அது வேறாகக் கேட்கும்.

1879இல் இங்கிலாந்தில் ஸ்கிரிப்ச்சர் யூனியன் தினவாசிப்பு அட்டையை வெளியிட்டது. கெஸிக் நகரின் ஞாயிறுபள்ளி ஆசிரியை ஆனி மார்ஸ்டன், தம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கையால் எழுதிக் கொடுத்த பட்டியலே அதற்கு வித்து. 20ஆம் நூற்றாண்டில் தியான இதழ்கள் பெருகின. தமிழில் ‘அனுதினமும் கிறிஸ்துவுடன்’, ‘நமது அனுதின மன்னா’ போன்றவை இன்றும் பல்லாயிரம் வீடுகளில் நாளைத் தொடங்கிவைக்கின்றன. வேலைக்கு ஓடுகிறவருக்கு அந்த ஒரு பக்கம் உண்மையான துணை.

ஆனால் வாக்குத்தத்த அட்டையில் வசனம் தனியாக வருகிறது. எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். நன்மைக்கேதுவான நினைவுகளைப் பற்றிய அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. கடிதத்தின் தொடக்கம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டிருக்கும் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்புவதைக் காணாமலே இறந்திருப்பார்கள். வேலை கிடைக்காத இளைஞன் ஜனவரி 1 அன்று இந்த அட்டையை எடுத்தால், அவனுக்கு முழுக் கடிதமும் தேவை. ஆண்டு முடிந்தும் வேலை கிடைக்காமல் போனால், கடிதம் அவனைத் தாங்கும். அட்டை மட்டும் தாங்குமா என்பது ஐயமே.

1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டின் 25ஆம் பிரிவில், கிறிஸ்தவ நம்பிக்கையாளர் எல்லாரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்றும், வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. துறவிகளின் நான்கு படிகள் பங்குகளுக்குள் இறங்கின. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவை அன்பியம் என்கிறார்கள். இத்தகைய குழுக்களில் பரவிய முறைகளுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு. அதில் ஒருவர் பகுதியை வாசிப்பார், மற்றவர்கள் மனத்தில் தைத்த சொல்லையோ தொடரையோ வாய்விட்டுச் சொல்வார்கள், கொஞ்ச நேரம் மௌனம், பிறகு பகிர்வு. ஆறாவது படியில் பேச்சு தெருவுக்குத் திரும்பிவிடும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் பாக்கி, யாரோடு யார் பேசாமல் இருக்கிறார்கள், இந்த வாரம் அங்கே யார் போவது என்று பெயர்சொல்லி முடிவு செய்துவிட்டுத்தான் ஏழாவது படியான இறுதிச் செபத்துக்குப் போவார்கள்.